மொட்டைக்கழுத்துக் கோழியும் இறகில்லாக் கோழியும்: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

கழுத்து மட்டும் மொட்டையாக இருக்கும் கோழியையும் உடல் முழுவதும் இறகே இல்லாத கோழியையும் ஒரே வகையாக நினைப்பவர்கள் அதிகம். முன்னதில் கொஞ்சம் இறகு குறைந்திருக்கிறது, பின்னதில் முழுவதும் போய்விட்டது, அவ்வளவுதானே என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் இரண்டும் வெவ்வேறு மரபணுக்களின் வேலை. வளர்ப்பு முறையும் அதற்கேற்ப மாறுகிறது. மொட்டைக்கழுத்துக் கோழியை ஓரளவு அனுபவமுள்ள எவரும் வளர்த்துவிடலாம். இறகில்லாக் கோழியோ ஆய்வுக்கூடத்தின் பறவை; அதை வீட்டுக் கொல்லையில் வளர்க்க நினைப்பவர்களைத் தடுப்பதே என் முதல் வேலை. இந்த வழிகாட்டியின் பெரும் பகுதி முன்னதைப் பற்றியது. பின்னதற்குத் தனிப் பகுதி கடைசியில் இருக்கிறது.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. மொட்டைக்கழுத்து ஓங்கு மரபணு ஒன்றால் வருவது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், கழுத்து மொட்டையாகிவிடும். மூன்றாம் குரோமோசோமில் உள்ள மாற்றம் ஒன்றால், இறகு முளைப்பதைத் தடுக்கும் புரதம் கருவின் தோலில் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கழுத்துத் தோலில் உற்பத்தியாகும் ரெட்டினாயிக் அமிலம் (வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் பொருள்) அந்தத் தடையின் வீரியத்தை அங்கே கூட்டிவிடுகிறது. அதனால்தான் உடலில் இறகு இருக்க, கழுத்து மட்டும் வெறுமையாகிறது. 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை விளக்கியது. வான்கோழியும் கோழியும் கலந்து பிறந்தது என்று சொல்லப்படுவது வெறும் கட்டுக்கதை. இது முழுக்க முழுக்கக் கோழிதான். இந்த வகையை வளர்த்துப் பெயர் பெற்ற பகுதி ஐரோப்பாவின் டிரான்சில்வேனியா. 1875-இல் வியன்னாக் கண்காட்சிக்கு இந்தக் கோழிகள் சென்றிருக்கின்றன. பனி விழும் நாட்டில் பெயர் பெற்ற பறவை வெப்ப நாடுகளுக்கும் பொருத்தமாக அமைந்தது ஒரு வேடிக்கை.

படி 1: மொட்டை பிறவியிலேயே வந்ததா, பிறகு வந்ததா?

யாராவது "மொட்டைக்கழுத்து" என்று சொல்லிக் கொடுக்கும் கோழியை அப்படியே வாங்கிவிடாதீர்கள். பேன், உண்ணி, மற்றக் கோழிகளின் கொத்தல், இறகு உதிர்க்கும் பருவம் ஆகியவற்றாலும் கழுத்து வெறுமையாகும். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. கோழியை வெளிச்சத்தில் பிடித்து, கழுத்துத் தோலை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இறகு பிடுங்கப்பட்ட தோலில் வரிசை வரிசையாகக் குழிப்புள்ளிகள் தெரியும். சில இடங்களில் உடைந்த இறகுத் தண்டின் அடிக்கட்டை குத்தும். புது இறகு முளைக்கிறது என்றால் நீலங்கலந்த சிறு குருத்துகள் தோலுக்கு மேலே எட்டிப் பார்க்கும். பிறவி மொட்டையில் இவை எதுவும் இருக்காது. தோல் சுருக்கங்களோடும் ஆனால் புள்ளிகள் இன்றியும் இருக்கும். தலையுச்சியில் தொப்பி வைத்ததுபோல இறகு இருக்கும்; அந்தத் தொப்பியின் விளிம்புக்கும் மொட்டைத் தோலுக்கும் இடையே கோடு தெளிவாகத் தெரியும்.

பொரித்த அன்றே குஞ்சிலும் இதைப் பார்த்துவிடலாம். தலையில் பஞ்சுமயிர், கழுத்தில் வெறுந்தோல், தோளிலிருந்து மறுபடியும் பஞ்சுமயிர். வளர்ந்தால் இறகு முளைத்துவிடும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

படி 2: முழு மொட்டையா, குஞ்சம் வைத்ததா?

மொட்டைக்கழுத்துக் கோழிகளிலேயே இரண்டு தோற்றங்கள் உண்டு. கழுத்தின் முன்புறம், இரைப்பைக்கு (கழுத்தின் அடியில் தின்ற தீவனம் தங்கும் பை) சற்று மேலே, ஒரு சிறு இறகுக் குஞ்சம் இருந்தால் அந்தக் கோழியிடம் மொட்டைக்கழுத்து மரபணு ஒற்றைப் படியாக, அதாவது தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்ததாக இருக்கிறது. குஞ்சமே இல்லாமலோ, ஓரிரண்டு இறகுகள் மட்டுமோ இருந்தால் இரட்டைப் படி, இருவரிடமிருந்தும் வந்தது. இது வெறும் அழகு விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். ஒற்றைப் படியுள்ள கோழிக்கு உடலின் மொத்த இறகில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் குறைவு. இரட்டைப் படியில் 40 சதவீதம் வரை குறைந்துவிடும். கழுத்து மட்டுமல்ல, மார்பின் ஓரங்களிலும் தொடையின் உட்புறத்திலும் இறகு இருக்காது. மேலே இருக்கும் இறகு மூடியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, கையால் ஒதுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஆண்டு முழுவதும் கடும் வெப்பம் நிலவும் இடத்தில் இரட்டைப் படி நன்றாகத் தாங்கும். ஆனால் இரட்டைப் படிக் கருக்களில் சில பொரிப்பதற்கு முந்தைய நாட்களில் முட்டைக்குள்ளேயே இறந்துவிடுவதால் பொரிப்புத் திறன் சற்றுக் குறையும். முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கும் குளிர்காலம் உள்ள இடங்களுக்கும் குஞ்சம் வைத்த கோழிகளையே நான் சொல்வேன். வெப்பம் தாங்குவதில் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை, குளிரிலும் தொல்லை குறைவு.

வாங்கும்போது கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கில் நீர் வடிகிறதா, ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாக் கோழிக்கும் பொதுவானது. இந்தக் கோழிக்குக் கூடுதலாகக் கழுத்தைச் சுற்றிப் பொருக்கு, பழைய தழும்பு, கொப்புளம் உண்டா என்று பார்க்கவும். மறைக்க இறகு இல்லாததால் விற்பவர் நினைத்தாலும் மறைக்க முடியாது. வாங்குபவருக்கு இது ஒரு வசதி.

படி 3: கொட்டகை

அளவுகள் மற்றக் கோழிகளுக்கு உள்ளவையே. வளர்ந்த கோழி ஒன்றுக்கு உள்ளே 2 சதுர அடி, நான்கைந்து பெட்டைகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி, இரவில் உட்காரும் கழியில் ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம். வித்தியாசம் மூன்று விஷயங்களில்தான்.

ஒன்று, கூர்மை. மடித்து முறுக்காமல் விட்ட கம்பிவலை முனை, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, தகரத்தின் வெட்டு விளிம்பு ஆகியவற்றில் இறகுள்ள கோழி உரசினால் இறகுதான் சிக்கும். இதற்குத் தோல் கிழியும். கோழி தலையை நுழைத்துத் தீவனம் எடுக்கும் இடங்களில் கம்பி விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலைக் கீறுவது அதன் கழுத்தையும் கீறும்.

இரண்டு, கூளம். உமி, மரச்சுருள் எதுவானாலும் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு, வாரம் ஒருமுறையாவது கிளறிவிட வேண்டும். ஈரக் கூளத்திலிருந்து எழும் அம்மோனியா, இறகு குறைந்த மார்புத் தோலைப் புண்ணாக்கும். நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சிப் பார்ப்பதில் பயனில்லை. கோழியின் தலை மட்டத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் கூளத்தை மாற்றும் நாள் கடந்துவிட்டது.

மூன்று, வலை. கதவு, சன்னல், மேல்காற்று வழி எல்லாவற்றுக்கும் கொசு நுழையாத கண் சிறிய வலை. இதன் காரணத்தைத் தோல் பற்றிய பகுதியில் சொல்கிறேன். இருக்கிற பணத்தில் ஒரே ஒரு கூடுதல் வசதிதான் செய்ய முடியும் என்றால் மின்விசிறியை விட்டுவிட்டு வலையை அடியுங்கள்.

படி 4: குஞ்சுப் பருவம்

முதல் வாரம் புரூடருக்குள் (குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் அடைப்பு) குஞ்சின் முதுகு மட்டத்தில் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வருவது வழக்கம். மொட்டைக்கழுத்துக் குஞ்சுகளுக்கு ஒவ்வொரு இறக்கத்தையும் இரண்டு மூன்று நாட்கள் தள்ளிப்போடுங்கள். கழுத்து வழியாக உடல் சூடு வேகமாக வெளியேறுவதால், மற்றக் குஞ்சுகள் சுறுசுறுப்பாகத் திரியும் அதே வெப்பத்தில் இவை விளக்கின் அடியில் குவிந்து கிடக்கும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் படுக்கை நம்பகமானது. விளக்கடியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறினால் குளிர்கிறது, ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு அதிகம், வட்டம் முழுவதும் பரவிக் கிடந்தால் சரி.

காற்று நேராக வீசும் திசையில் முதல் மூன்று வாரங்களுக்கு அட்டை அல்லது தகரத் தடுப்பு அவசியம். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்க வேண்டும். உள்ளே கழுவிய கூழாங்கற்களைப் போட்டுவிட்டால் குஞ்சு விழுந்து நனையாது. நனைந்த மொட்டைக்கழுத்துக் குஞ்சு சில நிமிடங்களிலேயே சோர்ந்துவிடும். அதைத் துணியால் ஒற்றி விளக்கின் அருகே தனியாக விட வேண்டும். தேய்த்துத் துடைத்தால் மென்தோல் உரிந்துவிடும். அகச்சிவப்பு பல்பு பயன்படுத்தினால் சுற்றிக் கம்பிக்கூண்டு போடுவது கட்டாயம். வெறுந்தோல் சூடான கண்ணாடியில் பட்டால் கொப்புளம் நிச்சயம்.

குஞ்சுகளை இறகுள்ள வகைகளோடு சேர்த்து வளர்க்கலாமா என்று கேட்பார்கள். முதல் நாளிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் புதிதாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் சிவந்த கழுத்து மற்றவற்றின் கண்ணை உறுத்துகிறது.

படி 5: தீவனமும் தண்ணீரும்

இறகின் பெரும் பகுதி புரதம். கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் அதில் நிறைய. இறகு குறைந்தால் அந்தப் புரதம் சதைக்கும் முட்டைக்கும் திரும்பும் என்பது உண்மைதான். அதை நம்பித் தீவனத்தில் புரதத்தைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். மிச்சமாவது சிறிதளவே, குஞ்சுப் பருவத்தில் விட்ட வளர்ச்சியைப் பிறகு பிடிக்க முடியாது. முதல் எட்டு வாரம் 20 சதவீதப் புரதம், பிறகு முட்டையிடும் வரை 16 சதவீதம், முட்டையிடும் பெட்டைக்கு 16 முதல் 17 சதவீதப் புரதத்தோடு 3.5 சதவீத அளவு கால்சியம். முட்டைத் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டால் அந்தக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

குளிர் நாட்களில் இவை மற்றக் கோழிகளைவிட அதிகம் தின்னும். உடல் சூட்டைக் காக்கவே அந்தத் தீவனம் செலவாகிறது. அப்போது தட்டைக் காலியாக விடாமல், மாலையில் கொஞ்சம் முழுத் தானியம் கூடுதலாகக் கொடுத்தால் இரவைத் தாங்கும்.

சாதாரண நாளில் தின்னும் தீவனத்தின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயில் ஏறினால் அது பல மடங்காகும். தண்ணீர்க் குடுவை நிழலில் இருக்கட்டும்.

கழுத்து மொட்டையாக இருப்பதில் வளர்ப்பவருக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. இரைப்பை வெளியே தெரியும். இரவு அடையும்போது அது நிறைந்து உருண்டையாக இருக்க வேண்டும், காலையில் தீவனம் வைப்பதற்கு முன் தட்டையாகியிருக்க வேண்டும். காலையிலும் உப்பியிருந்து, தொட்டால் கல்லாகவோ நீர்ப்பையாகவோ தோன்றினால் செரிமானம் நின்றிருக்கிறது. மற்றக் கோழிகளில் கையால் தடவித் தேட வேண்டியதை இதில் நடந்துபோகும்போதே பார்த்துவிடலாம்.

படி 6: தோல் பராமரிப்பு

இந்தக் கோழி வளர்ப்பின் சாரமே இங்குதான் இருக்கிறது. இறகு செய்துவந்த வேலைகளில் சிலவற்றை இனி வளர்ப்பவர் செய்ய வேண்டும்: வெயில் மறைப்பது, கொசுவைத் தடுப்பது, கீறல் படாமல் காப்பது.

வெயில். கழுத்துத் தோல் குஞ்சில் வெளிறி இருந்து, பருவம் எட்டும்போது சேவலில் நல்ல சிவப்பாகும். நாள்தோறும் சிறிது சிறிதாக வெயில் பட்டால் தோல் தடித்துப் பழகிவிடுகிறது. கொட்டகைக்குள்ளேயே வளர்ந்த கோழியை ஒரே நாளில் திறந்த வெளியில் விட்டால்தான் தோல் கருகிக் கொப்புளிக்கும். காலை, மாலை வெயிலில் தொடங்கி ஒரு வாரத்தில் பழக்குங்கள். மேய்ச்சல் இடத்தில் எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் ஒதுங்குமளவுக்கு நிழல் இருக்கட்டும். இல்லாவிட்டால் வலிமையான சேவல் நிழலில் நிற்க, மற்றவை வெயிலில் நிற்கும். மனிதர்கள் பூசும் வெயில் களிம்பைப் பூசலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. பல களிம்புகளில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. ஒன்றன் கழுத்தில் பூசியதை இன்னொன்று கொத்தித் தின்னும்; துத்தநாகம் பறவைகளுக்கு நஞ்சு.

கொசு. கோழி அம்மை கொசுக்கடியால் பரவுகிறது. இறகில்லாத தோலில்தான் அதன் கொப்புளங்கள் கிளம்பும். சாதாரணக் கோழிக்குக் கொண்டை, தாடி, கண்ணிமை ஆகியவைதான் இலக்கு. மொட்டைக்கழுத்துக்கு முழுக் கழுத்தும் இலக்கு. எனவே அம்மைத் தடுப்பூசி இந்தக் கோழிக்கு விருப்பத்தைப் பொறுத்தது அன்று, கட்டாயம். இறக்கையின் மெல்லிய சவ்வில் இரட்டை ஊசியால் குத்திப் போடுவார்கள். 7 முதல் 10 நாட்கள் கழித்து அந்த இடத்தைப் பாருங்கள். சிறு வீக்கமோ பொருக்கோ இருந்தால் மருந்து பிடித்திருக்கிறது, ஒன்றுமே இல்லையென்றால் மறுபடியும் போட வேண்டியிருக்கும். அம்மை வந்துவிட்டால் பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்த்த இடம் புண்ணாகும், விழுந்த பொருக்கில் நோய்க்கிருமி பல நாள் உயிரோடு இருக்கும். பொருக்கு தானாக உதிர ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை கோழியைத் தனியே வைத்து, கண் மூடிப்போயிருந்தால் தண்ணீரும் தீவனமும் அலகருகே வைத்து ஊட்ட வேண்டும். வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வெள்ளைக்கழிச்சல் உள்ளிட்ட மற்றத் தடுப்பூசிகளுக்கும் அவர் தரும் அட்டவணையையே பின்பற்றுங்கள்.

உண்ணி. இறகைத் தின்னும் பேனுக்கு இந்தக் கோழியில் இடம் குறைவு. இரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணிக்கோ நல்ல வசதி. அது பகலில் கோழியின் மேல் இருக்காது, கழியின் இடுக்கிலும் சுவர் விரிசலிலும் ஒளிந்திருந்து இரவில் ஏறும். பகலில் தேடிவிட்டு உண்ணி இல்லை என்று முடிவு கட்டுவது பலர் செய்வதுதான். கோழிகள் அடைந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு வெள்ளைத் துணியை உட்காரும் கழியின் அடிப்பக்கம் நெடுக இழுத்துப் பாருங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் விழுந்தால் அது உங்கள் கோழியின் இரத்தம். கொண்டை வெளிறிப்போனால் இரத்தச் சோகை தொடங்கிவிட்டது என்று பொருள். மருந்தைக் கோழிக்கு மட்டும் போட்டு நிறுத்தினால் ஒளிந்திருப்பவை திரும்பி வரும். கழியைக் கழற்றி, இடுக்குகளைச் சுரண்டி, கொட்டகைக்கும் சிகிச்சை செய்ய வேண்டும்.

மண் குளியல் எல்லாக் கோழிக்கும் தேவை, இதற்கும் தேவை. உலர்ந்த மெல்லிய மணலும் மண்ணும் போதும். சாம்பல் கலப்பதானால் மிகக் கொஞ்சமாகக் கலந்து மழை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சாம்பல் காரமானது, வெறுந்தோலை அரிக்கும். சுண்ணாம்புத் தூளுக்கு அங்கே வேலையே இல்லை.

கீறலும் கொத்தலும். சேவல் இணையும்போது பெட்டையின் பின்தலையையும் கழுத்தையும் அலகால் பற்றிக்கொள்ளும். இறகு இருந்தால் இறகைப் பிடிக்கும், இல்லாதபோது தோலைப் பிடிக்கிறது. பெட்டையின் பிடரியில் பிறை வடிவத்தில் சின்னச் சின்னத் தழும்புகள் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவலின் நகத்தையும் முள்ளையும் முனை மழுங்க அராவி விடுங்கள். புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தால் அந்தக் கோழியை உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் கூட்டம் முழுவதும் கொத்தத் தொடங்கும், அரை நாளில் உயிரே போகலாம். நீர்த்த அயோடின் கரைசலால் கழுவி, புண் உலர்ந்து நிறம் மாறிய பிறகு மாலை இருட்டில் கூட்டத்தில் சேர்க்கலாம்.

படி 7: வெப்பமும் குளிரும்

கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்கு மேல். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. சூட்டை வெளியேற்றக் கொண்டை, தாடி, கால், திறந்த வாய் ஆகியவற்றையே நம்பியிருக்கிறது. மொட்டைக் கழுத்து இந்தப் பட்டியலில் கூடுதலாகச் சேர்ந்த ஒரு பெரிய பரப்பு. அதனால் வெப்ப நாட்களில் மற்றவை தீவனத்தைக் குறைத்து வாய் திறந்து நிற்கும்போது இவை இன்னும் சிறிது நேரம் மேய்ந்துகொண்டிருக்கும். ஆனால் காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது தோலில் இறகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் வழியாகச் சூடு வெளியேற வழியில்லை. "மொட்டைக்கழுத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையில் கொட்டகையின் காற்றோட்டத்தை அலட்சியப்படுத்தியவர்கள் கோழிகளை இழக்கிறார்கள். நண்பகலில் தீவனத்தை எடுத்துவிட்டுக் காலையிலும் மாலையிலும் கொடுப்பது, குளிர்ந்த தண்ணீர், கூரையின் மேல் வெப்பத் தடுப்பு எல்லாம் இதற்கும் வேண்டும்.

குளிரில் எதிரி ஈரமும் நேர்க்காற்றும்தான். உலர்ந்த கூளமும், கோழி உட்காரும் மட்டத்துக்கு மேலே மட்டும் காற்றுப் போக்கும் இருந்தால் வளர்ந்த மொட்டைக்கழுத்துக் கோழி குளிர்காலத்தை எளிதாகக் கடந்துவிடும். கழுத்தை உடலுக்குள் இழுத்து, தோள் இறகுக்குள் புதைத்துக்கொண்டு தூங்கும். குளிருக்குப் பயந்து கொட்டகையை இறுக மூடினால் மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கிக் கொண்டையும் தாடியும் உறைபுண்ணாகும். கம்பளிக் கழுத்துப்பட்டி மாட்டிவிடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். படத்துக்கு நன்றாக இருக்கும். கோழி அதை நனைத்து, எதிலாவது சிக்கிக்கொள்ளும்.

படி 8: இனப்பெருக்கம்

கணக்கு நேரானது. குஞ்சம் வைத்த கோழியை முழு இறகுக் கோழியோடு சேர்த்தால் பாதிக் குஞ்சுகள் குஞ்சம் வைத்தவை, பாதி முழு இறகு. குஞ்சம் வைத்த இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று முழு மொட்டை, இரண்டு குஞ்சம் வைத்தவை, ஒன்று முழு இறகு. முழு மொட்டைச் சேவலை இறகுப் பெட்டைகளோடு விட்டால் எல்லாக் குஞ்சும் குஞ்சம் வைத்தவையே. கடைசியில் சொன்னதுதான் எனக்குப் பிடித்த முறை. ஒரே ஒரு சேவலை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்தால் போதும், பொரிப்பிலும் இழப்பு இல்லை, அடுத்த தலைமுறை முழுவதும் ஒரே சீராக வரும்.

அடைகாப்பதில் பெட்டைக்குக் குறை ஒன்றும் இல்லை. அடையில் உட்காரும் எந்தக் கோழிக்கும் வயிற்றில் முட்டை படும் இடம் வெறுந்தோல்தான். முழு மொட்டைப் பெட்டை மட்டும் பக்கவாட்டில் இறகு குறைவாக இருப்பதால் ஓர முட்டைகளை மூட முடியாமல் தவிக்கும். அதற்கு இரண்டு மூன்று முட்டை குறைத்து வையுங்கள்.

உடல் முழுவதும் இறகில்லாக் கோழி

1957-இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட இந்த மரபுமாற்றம், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நியூ ஹாம்ப்ஷயர் வகைக் கோழிகளில் தானாகத் தோன்றியது. யாரும் ஆய்வகத்தில் மரபணுவை வெட்டி ஒட்டவில்லை. தோலில் இறகுக்கான முதல் சமிக்ஞையைத் தரும் மரபணு ஒன்று முடங்கியிருக்கிறது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். இது ஒடுங்கு மரபணு, தாயும் தந்தையும் இருவருமே கொடுத்தால்தான் வெளிப்படும். இஸ்ரேலின் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவிக்தோர் கஹானர் 2000-களின் தொடக்கத்தில் இதை வேகமாக வளரும் இறைச்சிக் கோழியோடு கலந்து, கடும் வெப்பத்திலும் எடை குறையாமல் வளரும் இறகில்லாக் கோழியை உருவாக்கிக் காட்டினார். உலகம் முழுவதும் படங்கள் பரவின, விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. கண்டனத்தில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. வெப்பத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மற்ற எல்லாவற்றுக்கும் அந்தப் பறவையைத் திறந்துவிட்டார்கள்.

இதற்கு இறகு மட்டுமல்ல, கால் செதில்கள், காலடி மெத்தைகள், சேவலின் முள் ஆகியவையும் இருக்காது. பாதம்தான் முதலில் கெடும் உறுப்பு. ஆய்வு நிலையத்திலிருந்தோ வேறு வழியிலோ இப்படியொரு பறவையைப் பராமரிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தால் கீழ்க்கண்டவை குறைந்தபட்சம்.

இதை வெளியே விடக் கூடாது. கூரையும், கொசுவலையும், வெப்பக் கட்டுப்பாடும் உள்ள அறைக்குள்தான் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டும். குஞ்சுக்கு இறகு முளைக்கும் நாள் வரப்போவதில்லை. எனவே புரூடர் வெப்பத்தைச் சாதாரணக் குஞ்சுக்குக் குறைப்பதுபோல 21 டிகிரி வரை இறக்காமல் 28 டிகிரி வாக்கில் நிறுத்திவிடுங்கள். வளர்ந்த பறவைக்கும் 25 டிகிரிக்குக் கீழே போனால் கூடுதல் சூடு வேண்டும். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டியே விடை இருக்க வேண்டும், ஓர் இரவு போதும் இழப்புக்கு.

தரையில் மென்மையான, உலர்ந்த கூளம் மட்டும். கம்பித் தரை பாதத்தையும் மார்பையும் கிழித்துவிடும். உயரமான கழி வேண்டாம். இறக்கையை விரித்தாலும் காற்றைப் பிடிக்க இறகு இல்லாததால் விழும் வேகத்தைக் குறைக்க அதனால் முடியாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் அகலமான பலகை வைத்தால் போதும். பாதத்தை வாரம் இருமுறை திருப்பிப் பார்த்து, சிவந்து வீங்கியிருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறகுள்ள கோழிகளோடு சேர்க்காதீர்கள். ஒருமுறை கீறல் விழுந்தால் மற்றவை விடாது. இவற்றுக்குள்ளேயே வைத்தாலும் நகத்தை மழுக்குவது அவசியம். சேவலோடு இயற்கையாக இணைய விடுவதும் ஆபத்து. சேவலால் சமநிலை காக்க முடியாது, பெட்டையின் முதுகு கிழியும். ஆய்வு நிலையங்களில் செயற்கைக் கருவூட்டலைப் பயன்படுத்துவது இதனால்தான். தூக்கும்போது இரண்டு கைகளையும் உடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். இறக்கையையோ காலையோ பிடித்து இழுக்கவே கூடாது. எண்ணெய், களிம்பு எதையும் உடல் முழுவதும் பூச வேண்டாம். தூசியும் எச்சமும் ஒட்டிக்கொண்டு தோல் மேலும் கெடும்.

இனப்பெருக்கம் செய்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மரபணுவை ஒற்றைப் படியாகச் சுமக்கும் கோழிக்கு இறகு முழுமையாக இருக்கும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் நான்கில் ஒரு குஞ்சு இறகின்றிப் பிறக்கும். எனவே இறகில்லாப் பறவையின் உடன்பிறப்புகளையும் சந்ததியையும் யாருக்கும் சொல்லாமல் விற்பதோ கூட்டத்தில் கலப்பதோ கூடாது. ஒவ்வொன்றுக்கும் காலில் எண் வளையம் மாட்டி, எந்த முட்டை எந்தப் பெட்டையினுடையது என்று குறித்து வையுங்கள். இறகில்லாப் பறவைக்கு மட்டும் வளையத்தைத் தளர்வாகப் போட்டு, வாரந்தோறும் விரலால் சுழற்றிப் பாருங்கள். செதில் இல்லாத கால் தோலில் இறுகிய வளையம் சீக்கிரமே பதிந்துவிடும்.